வாத்தியங்களுக்கு வெயில் ஆகாது

ஜாஸ் என்றால் என்னவென்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அது எப்படி வளரும் என்று தெரியும். முதலில் ஒரு மூலையில் வந்து உட்காரும். அப்புறம் அறை முழுக்கப் பரவும். கடைசியில் உள்ளே படுத்திருந்தவன் வெளியே நிற்பான்.

நான் துபாயில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் பஸ் ஓட்டினேன். அமெரிக்கப் பாடம் நடத்துகிற பள்ளி. நான் எட்டாவதோடு நின்றவன். என் பஸ்ஸில் ஏறுகிற எட்டாவதுப் பிள்ளைகள் என்னை அங்கிள் என்பார்கள். மரியாதையான பிள்ளைகள். என் பேர் ஒருவருக்கும் தெரியாது.

எங்கள் கேம்ப் சார்ஜாவில், முவைலாவில். விடியும் முன்னே வண்டியை எடுத்தால்தான் துபாய் ரோடு நகரும். பிள்ளைகளைக் கொண்டுவந்து இறக்கிவிட்டால் சாயங்காலம் பெல் அடிக்கும் வரை டூட்டி இல்லை. கேம்புக்குத் திரும்பிப் போகவும் கூடாது. டீசல் செலவாகும். அதனால் பள்ளியிலேயே கிடப்போம். அதற்கு ஒரு அறை கொடுத்திருந்தார்கள். பஸ் நிற்கிற இடத்துக்குப் பின்னால், காம்பவுண்டு ஓரம், ஒரு போர்ட்டா கேபின். தகரமும் பலகையும் சேர்த்த பெட்டி. அதில் ஒரு பழைய ஏசி. ஆடும், ஒழுகும், உறுமும். ஆனால் காற்று வரும். டப்பா சோற்றைத் தின்றுவிட்டு அங்கே பாயை விரித்துப் படுப்போம்.

எனக்கு அந்தத் தூக்கம்தான் தூக்கம். கேம்ப் ரூமில் ஒருவன் ஷிப்டு முடிந்து வருவான், ஒருவன் கிளம்புவான், ஒருவன் ஊருக்குப் போன் போட்டு அழுவான். லைட் அணையாது. ராத்திரி என்பது பேருக்கு. மத்தியானம் கேபினில் தூங்குவதை வைத்துத்தான் சாயங்கால டிரிப்பை ஓட்டினேன். தூங்காமல் ஓட்டிப் பார்த்தவனுக்குத் தெரியும். ரோடு ரொம்ப அழகாகத் தெரியும். மெத்தை மாதிரித் தெரியும். பின்னால் பஸ் நிறையப் பிள்ளைகள் இருப்பார்கள்.

இப்படி இருக்கும்போது ஒரு மியூசிக் வாத்தியார் வந்தார். அமெரிக்கா. ஒல்லி, தாடி, எப்போதும் சிரித்த முகம். வந்த மாதமே பெரிய வகுப்புப் பிள்ளைகளை வைத்து ஜாஸ் பேண்டு ஆரம்பித்தார். விரல் விட்டு எண்ணுகிற அளவுதான் பிள்ளைகள். முதலில் ஒரு வகுப்பறையில் வாசித்தார்கள். பக்கத்தில் கணக்கு டீச்சர் கணக்கு வரவில்லை என்றார். லைப்ரரிக்கு மாற்றினார்கள். அங்கே இருந்தவர் இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. பள்ளியில் படித்தவர்கள் யாருக்கும் அந்தச் சத்தம் ஆகவில்லை. படிக்காதவர்கள் பக்கம் வந்தார்கள்.

ஒரு மத்தியானம் பிரின்சிபால், மியூசிக் வாத்தியார், எங்கள் டிரான்ஸ்போர்ட் இன்சார்ஜ் மூன்று பேரும் கேபின் கதவைத் திறந்தார்கள். நாங்கள் வரிசையாகப் படுத்திருந்தோம். பிரின்சிபால் எங்களைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். ஏசியைப் பார்த்தார். பிறகு வாத்தியாரிடம், இந்த அறை சும்மாதான் கிடக்கிறது என்றார்.

அவர்கள் போனபின் இன்சார்ஜ் நின்றார். மலையாளி. நல்ல தமிழ் பேசுவதாக அவருக்கு ஒரு எண்ணம்.

"வாரத்துல ரெண்டு நாளு மாத்ரம். அட்ஜஸ்ட் செய்யணும், கேட்டோ."

"நாங்க எங்க சேட்டா படுக்கிறது?"

"இங்கதான். அவங்க வாசிக்கும், நீங்க உறங்கும். ரெண்டும் ஒரே ரூம்ல நடக்கட்டே. என்ன பிரச்சன?"

ஒரு பிரச்சனையும் இல்லை. காதை ஊரில் வைத்துவிட்டு வந்திருந்தால்.

டிரம் செட் வந்தது. வளைந்த பீப்பி, நீண்ட பீப்பி எல்லாம் வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டி, உள்ளே சிவப்பு வெல்வெட். என் பாய் ராமநாதபுரத்துக் கோரை. சுவரில் ஒரு தாள் ஒட்டினார்கள். அதில் ஒரு கை படம், குறுக்கே கோடு. எழுத்து இல்லை. எங்களுக்குப் படிக்கத் தெரியாதாம்.

வாத்தியார் நல்ல மனுசன். எங்களைத் தாண்டிப் போகும்போதெல்லாம் குட் மார்னிங் சொல்வார். காலைத் தூக்கி, ஒவ்வொருத்தரையாகத் தாண்டி, ஒவ்வொருத்தருக்கும் ஒரு குட் மார்னிங். அவர் கால் ஒருநாளும் யார் மேலும் பட்டதில்லை. அந்த மரியாதை அவரிடம் உண்டு.

நாங்கள் தமிழ் டிரைவர்கள் ஒரு நாலைந்து பேர். கூட பெசாவர் பக்கத்துப் பட்டாணி பாய் ஒருத்தர், எல்லோரிலும் மூத்தவர். முதல் நாள் அவர் போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டி முழுப் பாட்டையும் கேட்டார். முடிந்ததும் என்னிடம் ஹிந்தியில் கேட்டார்.

"பாய், இவங்க வாசிக்க ஆரம்பிச்சாச்சா, இல்ல இன்னும் சரி பண்ணிக்கிட்டு இருக்காங்களா?"

"முடிச்சிட்டாங்க பாய்."

"அச்சா," என்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

போகப்போக எனக்கு முறை புரிந்தது. எல்லோரும் சேர்ந்து கொஞ்சம் வாசிப்பார்கள். அப்புறம் ஒருவன் எழுந்து நின்று தன் இஷ்டத்துக்கு ஊதுவான். மற்றவர்கள் தலையாட்டிக்கொண்டு காத்திருப்பார்கள். அவன் உட்கார்ந்ததும் அடுத்தவன் எழுவான். எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தும் இதேதான். அங்கே எழுந்தவன் உட்கார மாட்டான், அவ்வளவுதான் வித்தியாசம்.

கொஞ்ச நாளில் ஒரு பெரிய சாமான் வந்தது. வயலின் மாதிரி, ஆனால் ஆள் உயரம். நின்றுகொண்டுதான் வாசிக்க வேண்டும். முன்பக்கம் பெரிய வயிறு. வாத்தியார் அதை பேஸ் என்றார். நாங்கள் தொந்தியப்பன் என்றோம். வாசிக்கிற பெண்பிள்ளை அதன் தோளுக்குத்தான் வருவாள். சார்ஜாக்காரி, என் பஸ். வியாழக்கிழமை தொந்தியப்பனை வீட்டுக்குக் கொண்டு போவாள். வார லீவு முடிந்ததும் கொண்டு வருவாள். அதற்கு இரண்டு சீட்.

என் பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்க ஒரு ஆயா உண்டு. கன்னியாகுமரிக் கடற்கரைக்காரி, வேதக்காரப் பெண், சர்ச்சுக்குப் போகிறவள். வாய் அதிகம், மனசு அதைவிட அதிகம். முதல் நாள் தொந்தியப்பனுக்கு பெல்ட்டை இழுத்து மாட்டினாள்.

"எதுக்கும்மா அதுக்கு?" என்றேன்.

"சீட்டுல இருந்தா பெல்ட் போடணும்லா, அண்ணாச்சி. ரூலு. ஒமக்கு ஒரு ரூலு, இவருக்கு ஒரு ரூலா?"

தொந்தியப்பன் வந்த வாரம் கேபின் ஏசி நின்றுபோனது. அதற்கு முன்பும் எத்தனையோ தடவை நின்றிருக்கிறது. சொல்வோம். நாளைக்கு என்பார்கள். நாளைக்கு என்றால் அடுத்த மாதம். இந்தத் தடவை வாத்தியார் ஓடினார். சூட்டில் மரம் வெடித்துவிடும் என்றார். சாப்பாட்டு நேரத்துக்குள் ஆள் வந்தான், பழையதைக் கழற்றினான், புதியதை மாட்டினான். சுவரில் ஈரம் பார்க்க ஒரு கடிகாரம் மாதிரி மாட்டினார்கள். மரத்துக்கு ஈரம் சரியாக இருக்க வேண்டுமாம். நாங்களும் புது ஏசியில் சுகமாகத் தூங்கினோம். வெடிக்கிற மரத்தோடு படுத்தால் வெடிக்காத மனுசனுக்கும் காற்று கிடைக்கும். இதை நான் ஞாபகம் வைத்துக்கொண்டேன்.

அடுத்த வருசம் பேண்டு பெருத்தது. பிள்ளைகள் இரண்டு மடங்கு. ரெண்டு நாள் என்றது தினமும் ஆனது. நாங்கள் சீக்கிரம் தின்று, சீக்கிரம் படுத்து, அவர்கள் வருவதற்குள் கொஞ்சமாவது கண்ணை மூடிக்கொள்வோம். டிரம்முக்கும் சுவருக்கும் நடுவே எனக்கு ஒரு சந்து. அங்கே புரள முடியாது. புரண்டால் சத்தம் வரும். புரளாமல் தூங்கப் பழகினேன். சமாளித்தோம். ஆயுத பூசை வராமல் இருந்திருந்தால் இன்னும் சமாளித்திருப்போம்.

வருசா வருசம் அந்த அறையில்தான் பூசை போடுவோம். கற்பூரம் கிடையாது, ஊதுவத்தி மட்டும். பஸ் சாவிகள், ஸ்பேனர், ஜாக்கி எல்லாவற்றையும் கழுவித் துடைத்து வரிசையாக வைத்து, சந்தனம் குழைத்து, குங்குமம் வைத்து, பொரி கடலை படைப்போம். டயருக்கு எலுமிச்சம்பழம். அன்றைக்கு ஒரு விதி உண்டு. அறையில் உள்ள தொழில் சாமான் எதையும் பொட்டில்லாமல் விடக்கூடாது. விட்டால் அது மனசு வைக்காது. இது யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லாத விசயம்.

எங்களில் சின்னவன் சந்தனக் கிண்ணத்தோடு நின்றான்.

"அண்ணே, இந்தப் பீப்பி எல்லாம்?"

"தொழில் சாமான்தானடா. வை."

"கையப் போட்டு கோடு போட்டுருக்கான்ணே."

"அது முழுக் கை. நீ ஒரு வெரல்ல வையி."

வைத்தான். டிரம்முக்கு ஒன்று, வெண்கலத் தட்டுக்கு ஒன்று, பீப்பிகளுக்கு ஒவ்வொன்று. தொந்தியப்பனுக்கு வயிற்றுக்குத் தகுந்த மாதிரி, உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம், நடுவில் குங்குமம். நிஜமாகவே சாமி மாதிரி இருந்தது. சும்மா சொல்லக்கூடாது. பீப்பிகள் வாயைத் திறந்துகொண்டு நின்றன. வாய் திறந்திருக்கிற சாமானுக்கு ஒன்றும் போடாமல் இருப்பது எப்படி? ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு பிடி பொரி போட்டான். பட்டாணி பாய் தன் பங்குப் பொரியைத் தின்றுகொண்டே எல்லாவற்றையும் பார்த்தார். "உங்க ஈத் நல்லா இருக்கு. இந்த டிரம்முக்குக்கூட சாப்பாடு கிடைக்குது," என்றார்.

பேண்டு வந்தது. நாங்கள் வெளியே போய் நின்றோம். வாத்தியார் கையைத் தூக்கினார். பிள்ளைகள் ஊதினார்கள். பொரி வந்தது.

மழை மாதிரி வந்தது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருவன் வேண்டுமென்றே இன்னொரு தடவை ஊதினான். இன்னும் வந்தது. வாத்தியார் மட்டும் சிரிக்கவில்லை. அவர் தொந்தியப்பன் முன்னால் நின்றுகொண்டிருந்தார். ஈரத் துணி எடுத்துத் துடைத்தார். குங்குமத்தை ஈரத் துணியால் துடைத்தால் என்ன ஆகும் என்று எங்கள் வீட்டுப் பெண்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். பொட்டாக இருந்தது வயிறு முழுக்கச் சிவப்பானது. போகவே இல்லை.

மறுநாள் விசாரணை. இன்சார்ஜ் எங்களை நிற்கவைத்தார்.

"எடா, இது அம்பலமா, கோயிலா? ஸ்கூல்!"

"நல்லதுக்குத்தான் சேட்டா வச்சோம்."

"ஆருக்கு நல்லது?"

"அவங்க பேண்டுக்குத்தான். எங்க ஜாக்கிக்கும் வச்சோம். அது ஒண்ணும் சொல்லல."

கேபினுக்குப் புதுப் பூட்டு போட்டார்கள். சாவி வாத்தியாரிடம். எங்கள் பாய்களை வெளியே எடுத்துவைத்திருந்தார்கள். சுருட்டி, அடுக்கி, அழகாக. பள்ளியில் எதையும் ஒழுங்காகத்தான் செய்வார்கள்.

பொட்டு வீண் போகவில்லை. அந்த வருசம் பேண்டு பிய்த்துக்கொண்டு வளர்ந்தது. கறுப்புச் சட்டை, சிவப்பு டை தைத்தார்கள். எங்கேயோ போட்டியில் கோப்பை வாங்கினார்கள். கேபின் சுவர் முழுக்கத் தடியான பஞ்சுப் பலகை ஒட்டினார்கள், சத்தம் வெளியே போகாமல் இருக்க. ரெண்டாவது ஏசியும் வந்தது.

நாங்கள் பஸ்ஸில் படுத்தோம். குளிர்காலம் வந்ததால் தப்பித்தோம். அந்த ஊர் குளிர்காலத்தில் பஸ் சீட்டும் சொர்க்கம். ஏப்ரலில் சொர்க்கம் முடிந்தது. எஞ்சினைப் போட்டு ஏசி வைக்கக்கூடாது, டீசல். ஏசி இல்லாத பஸ் இட்லிக் குண்டான். பஸ்ஸுக்கு அடியில் பாய் விரித்தோம். அங்கே ஒரு நன்மை உண்டு. ஆயில் ஒழுகினால் உடனே தெரிந்துவிடும். உச்சி வெயிலில் வேலை வாங்கக்கூடாது என்று அந்தச் சமயம் ஒரு சட்டம் பேசினார்கள். நல்ல சட்டம். அது கட்டிட வேலைக்காரர்களுக்கு. அதுவும் பள்ளிக்கூடம் லீவில் இருக்கிற மாதங்களுக்கு. நாங்கள் வெயிலில் வேலை செய்யவும் இல்லை. வெயிலில் காத்திருந்தோம். காத்திருப்பதற்குச் சட்டம் கிடையாது.

தூக்கம் போனது. சாயங்கால டிரிப்பில் ரோடு மறுபடியும் அழகாகத் தெரிய ஆரம்பித்தது.

ஆயா கண்டுபிடித்துவிட்டாள். அவள் சீட் எனக்குப் பின்னால்.

"அண்ணாச்சி, ஒறங்குதியளா?"

"இல்லம்மா."

"பொறவு எதுக்குத் தலய ஆட்டுதிய?"

"பாட்டு."

"ரேடியோவே போடலியே, எந்தப் பாட்டு?"

"ஜாஸ்."

அதற்கப்புறம் தினமும் வழி முழுக்கப் பேசினாள். அவள் ஊர்ச் சண்டை, அவள் மாமியார், மீன் விலை. பதில் வராவிட்டால் டிபன் பாக்ஸை ஸ்பூனால் அடிப்பாள். பையில் பச்சை மிளகாய் வைத்திருப்பாள். கண் சொருகினால் ஒன்றை எடுத்து நீட்டுவாள். "கடியும். நீரு செத்தா எனக்கு ஒண்ணுமில்ல. நானும் கூட வரணும்லா, அதான் ரோசன."

இன்சார்ஜிடம் போய்ச் சொன்னேன். மத்தியானம் படுக்க இடம் வேண்டும் என்றேன்.

"இங்க உறங்கவா வந்தது நீ?"

"இல்ல சேட்டா. ஓட்ட வந்தேன். அதுக்குத்தான் கேக்குறேன்."

அவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். போன் அடிக்கவே இல்லை.

பள்ளி லீவு விடுவதற்குச் சற்று முன் அபுதாபியில் ஒரு விழா. பல பள்ளிகளின் பேண்டுகள் வாசிக்கிற விழா. எங்கள் பேண்டுக்கு நடுவில் நல்ல இடம் கிடைத்திருந்தது. என் பஸ்தான் போனது. விடியுமுன் எழுந்து காலை டிரிப்பை முடித்து, பஸ்ஸுக்கு அடியில் வெந்து, உச்சி வெயிலில் அவர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். தொந்தியப்பன் பெல்ட் போட்டுக்கொண்டு, சிவப்பு வயிற்றைக் காட்டாமல் உறைக்குள் இருந்தார். வாத்தியார் முன் சீட்டில்.

பஸ்ஸுக்குள் ஏசி. வெளியே நேர் ரோடு. கொஞ்ச நேரத்தில் பிள்ளைகள் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். வாத்தியாரும் தூங்கிவிட்டார். தொந்தியப்பனைச் சொல்லவே வேண்டாம். ஆயா மாமியாரைப் பற்றி ஆரம்பித்தாள். மிளகாயைக் கடித்தேன். உறைக்கவில்லை. ஜெபல் அலி தாண்டும்போது முன்னால் ஒரு கண்டெய்னர் லாரி போனது. அதன் பின்கதவைப் பார்த்தேன். மெத்தை மாதிரி இருந்தது. தலையணைகூட இருந்தது.

போதும் என்று முடிவு செய்தேன். இண்டிகேட்டர் போட்டேன். பெட்ரோல் பங்கில் ஓரமாக நிறுத்தினேன். பிள்ளைகளுக்காக எஞ்சினையும் ஏசியையும் ஓடவிட்டேன். ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். எழுந்து வந்து தொந்தியப்பன் பக்கத்தில், நடுவழியில், தரையில் படுத்தேன்.

வாத்தியார் விழித்துக்கொண்டார். வண்டி நின்றால் தூங்குகிறவனுக்கு விழிப்பு வரும். என்ன, வண்டி ரிப்பேரா என்று கேட்டார்.

"வண்டி ஓகே சார்," என்றாள் ஆயா. "டிரைவர் ரிப்பேர்."

நேரமாகிவிட்டது, நமக்கு இடம் போய்விடும் என்று குதித்தார். சிரித்த முகம் காணாமல் போயிருந்தது. நான் படுத்தபடியே எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன்.

"நோ ஸ்லீப், நோ டிரைவ், சார்."

ஏன் தூங்கவில்லை என்று கேட்டார். அந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை.

"ரூம் ஜாஸ், சார். மீ பஸ் கீழ."

கையை வைத்துக் காட்டினேன். பஸ், அதற்கு அடியில் நான். அவருக்கு முதலில் புரியவில்லை. ஆயா அவள் இங்கிலீஷில் விளக்கினாள். அவள் இங்கிலீஷ் என்னுடையதைவிடப் பெரியது. நடுநடுவே தமிழும் வந்தது. "அவரு இப்ப கொஞ்சம் ஒறங்கட்டும். ஒறங்காம ஓட்டுனாருன்னா நாம எல்லாருமே ஒறங்கிருவோம். எழும்பவே மாட்டோம். ஒம்ம பேண்டும் சேத்துதான்." இதைத் தமிழில்தான் சொன்னாள். ஆனால் அவருக்குப் புரிந்தது. பிறகு திரும்பி, விழித்திருந்த பிள்ளைகளைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார்.

அந்தப் பேண்டு சத்தமில்லாமல் இருந்தது நான் பார்த்து அது ஒரு தடவைதான். பார்த்து என்ன, தூங்கிவிட்டேன்.

எழுந்தபோது வாத்தியார் கடையில் டீ வாங்கி வைத்திருந்தார். இன்னொன்று அவர் கையில். என்னைத் தாண்டிப் போகாமல் அங்கேயே நின்றிருந்தார். டீயைக் குடித்தேன். ஓட்டினேன். ரோடு ரோடாகவே தெரிந்தது.

போய்ச் சேர்ந்தபோது எங்கள் இடம் போயிருந்தது. கடைசியில் வாசியுங்கள் என்று தள்ளிவிட்டார்கள். கடைசி என்றால் நாற்காலி காலியாகிற நேரம். ஆனால் விழாவின் முக்கிய விருந்தாளி எங்களைவிட லேட். பெரிய பணக்காரர். அவர் வந்து உட்கார்ந்தபோது மேடையில் இருந்தது எங்கள் பிள்ளைகள். நல்ல இடத்தில் வாசித்தவர்கள் எல்லாம் வீட்டுக்குப் போயிருந்தார்கள். அவர் எங்கள் பேண்டை மட்டும் கேட்டார். அதுதான் இருப்பதிலேயே நல்லது என்றார். அவர் சொன்னதும் சரிதான். அவர் கேட்டதில் அதுதான் நல்லது.

லீவு முடிந்து வந்தால் பள்ளியில் இசைக்கென்று தனிக் கட்டிடம் எழும்பியிருந்தது. அந்த விருந்தாளி பணம். மேடை, மெத்தை நாற்காலி, சுவரெல்லாம் மரம். என் தூக்கத்தால்தான் பேண்டு வளர்ந்தது என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. எனக்குக் கிடைத்தது ஒரு வார்னிங். தூங்கியதற்கு இல்லையாம். பெர்மிஷன் கேட்காமல் தூங்கியதற்கு.

பேண்டு புதுக் கட்டிடத்துக்குப் போனதால் கேபின் எங்களுக்குத் திரும்ப வந்தது. பாயைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கதவைத் திறந்தோம். ரொட்டி அடுப்பு. ரெண்டு ஏசியையும் கழற்றிப் போயிருந்தார்கள். ஏசி இருந்த ஓட்டையில் பிளைவுட் அடித்திருந்தார்கள். சுவரில் பஞ்சுப் பலகை மட்டும் அப்படியே இருந்தது. அது சத்தத்தை மட்டுமல்ல, சூட்டையும் வெளியே விடாது.

"ஏசி மியூசிக்கு உள்ளதானு," என்றார் இன்சார்ஜ். "டிரைவருக்கு ஏசி மாஃபி. கலாஸ்." இல்லை, முடிந்தது என்று அரபியில் சொன்னார். அரபி பேசினால் அவர் முடிவாகப் பேசுகிறார் என்று அர்த்தம்.

பட்டாணி பாய் உள்ளே போய்ச் சும்மா உட்கார்ந்து பார்த்தார். வெளியே வந்தார். "பஸ்ஸுக்கு அடியே நல்லது," என்றார். மறுபடியும் டயருக்கு நடுவே பாய். சாயங்காலம் மறுபடியும் டிபன் பாக்ஸும் ஸ்பூனும்.

ஒருநாள் வாத்தியார் கேபினில் மிச்சமிருந்த ஸ்டாண்டுகளை எடுக்க வந்தார். நாங்கள் பஸ்ஸுக்கு அடியிலிருந்து கால்களை நீட்டிக்கொண்டிருந்தோம். கால்களைப் பார்த்து நின்றார். குட் மார்னிங் சொல்லவில்லை. அந்த நேரம் ஆயா அங்கே இருந்தாள்.

"சார், ஓல்ட் பேஸ் எங்க?"

பழைய தொந்தியப்பன் லீவில் செத்துப்போயிருந்தது. பூட்டின கேபினில் ஏசியை அணைத்துவிட்டுப் போனதால் கோடையில் வயிறு வெடித்துவிட்டது. வாத்தியார் சொன்னது நிஜம்தான். மரம் வெடிக்கும். புதுக் கட்டிடத்துக்குப் புதிதாக ஒன்று வாங்கிவிட்டார்கள். இதைக் குப்பைக்குப் போட வைத்திருந்தார்கள். வாத்தியார் கையை விரித்துக் காட்டினார்.

"சார், அதக் கொண்டாந்து இங்க வையும்," என்றாள். கேபினைக் காட்டினாள். "பேஸ் இன் ரூம். பேஸ் ஹாட் நோ குட். பேஸ் ஏசி." பிறகு எங்கள் கால்களைக் காட்டினாள். "டிரைவர், பேஸ். சேம் ரூம்."

அவர் அவளைப் பார்த்தார். கேபினைப் பார்த்தார். எங்கள் கால்களை இன்னொரு தடவை பார்த்தார். புரிய கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் அங்கேயே உட்கார்ந்து சிரித்தார். அந்தப் பொரி நாளில் சிரித்திருக்க வேண்டிய சிரிப்பு.

அன்றைக்கே அவரும் அந்தப் பெண்பிள்ளையும் தொந்தியப்பனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கேபின் மூலையில் நிறுத்தினார்கள். ஈரம் பார்க்கிற கடிகாரத்தையும் மாட்டினார். பிரின்சிபாலிடம் போய், உபரி வாத்தியத்தைக் கேபினில் வைத்திருக்கிறேன், சூடு ஆகாது என்றார். வெடித்துப்போன வாத்தியம் என்று அவர் சொல்லவில்லை. பிரின்சிபாலும் கேட்கவில்லை.

மறுநாள் காலையிலேயே ஆள் வந்தான். பிளைவுட்டைப் பெயர்த்தான். ஏசியை மாட்டினான். நாங்கள் மனு கொடுத்தோம், கெஞ்சினோம், கேம்ப் முதலாளி வரைக்கும் போனோம். கிடைக்கவில்லை. வயிறு கிழிந்த ஒரு மரம் வாய் திறக்காமல் வாங்கிவிட்டது.

மாட்டியவன் குளிரை ஒரே அளவில் வைத்துப் பூட்டினான்.

"கொஞ்சம் ஏத்தி வையேம்ப்பா. ரொம்பக் குளிருது," என்றேன்.

"வாத்தியத்துக்கு இதுதான் அளவு பாய். மாத்தக்கூடாது."

அதனால் நாங்கள் கம்பளி போர்த்திப் படுத்தோம். வெளியே தார் உருகும். உள்ளே நாங்கள் நடுங்குவோம். பட்டாணி பாய் தன் பழைய சால்வை ஒன்றைத் தொந்தியப்பனுக்குப் போட்டுவிட்டார். இன்சார்ஜ் ஒருநாள் எட்டிப் பார்த்தார். தொந்தியப்பனைப் பார்த்தார். அதைச் சுற்றிப் படுத்திருந்த எங்களைப் பார்த்தார். கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார். கதவு திறந்திருந்தால் வாத்தியத்துக்கு ஆகாது.

சாயங்கால டிரிப்பில் ஆயாவின் டிபன் பாக்ஸ் சத்தம் நின்றது. மாமியார் கதை மட்டும் நிற்கவில்லை. அது தூக்கத்துக்காகச் சொன்னது இல்லை போல.

அந்த வருசம் ஆயுத பூசைக்கு அறையில் இருந்த வாத்தியம் ஒன்றே ஒன்றுதான். வயிற்றில் பழைய சிவப்பு அப்படியே இருந்ததால் எங்கே பொட்டு வைப்பது என்று தேட வேண்டியிருக்கவில்லை. சாவிகளுக்கும் ஜாக்கிக்கும் வைத்தோம். ஏசிக்கும் ஒன்று வைத்தோம். பெரியதாக.

பொரியை மட்டும் தட்டிலேயே வைத்தோம்.